நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே

சிறை, மூன்றாம் தொகுதி
6-7-2025

அன்புள்ள சுவாதி அக்காவுக்கு எழிலன் எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, தூக்கம்தான் கொஞ்சம் குறைவு. நீயும் அம்மாவும் நைனாவும் சுகம்தானே? நைனாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது?

பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஐந்து நிமிஷம் போன் தருகிறார்கள். அதில் நாலு நிமிஷம் அம்மா அழுகிறாள், ஒரு நிமிஷம் நைனா "சாப்டியாடா" என்கிறார். உன்னிடம் சொல்ல வேண்டியது எதுவும் அதில் அடங்குவதில்லை. இங்குள்ள தமிழ்ச் சங்கத்திலிருந்து ரஞ்சனி மேடம் மாதம் இரண்டு முறை சிறைக்கு வருகிறார். இந்தக் கடிதத்தை அவர்தான் தபாலில் சேர்ப்பார்.

கல் கிடங்கில் பாரம் தூக்கும் என் ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் அடிபட்டு இறந்தானே ஜமால், அவனுடைய அம்மா பாகிஸ்தானில் ஒரு மலையோர ஊரில் இருக்கிறார். நஷ்டஈட்டையெல்லாம் இன்சூரன்ஸ் பார்த்துக்கொண்டது. ஆனால் இந்த அரபு நாட்டுச் சட்டப்படி அந்தம்மா 'மன்னித்தேன்' என்று ஒரு தாளில் கைநாட்டு வைத்தால்தான் என் மூன்று வருஷத் தண்டனை ரத்தாகும். டிசம்பர் 11 கடைசி விசாரணை. அதற்குள் வைக்காவிட்டால் அவ்வளவுதான்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கோர்ட்டுக் காகிதத்தை மூன்று பேர் படித்துக் காட்டி மூன்று கதை சொன்னார்களாம். இனிமேல் யாரும் தனக்கு எதையும் படித்துக் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். இதைக் கேட்ட ரஞ்சனி மேடம், "நீங்க ஊர்ல பேனருக்குப் படம் வரைஞ்சவர்தானே? நடந்ததைப் படக்கதையா வரைஞ்சு குடுங்க. படத்தை யாரும் படிச்சுக் காட்ட வேணாம்" என்றார்.

ஒரே தாளில் எட்டுக் கட்டம் போட நினைக்கிறேன். எதில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று நாளாகப் பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். நீ சொல். டிசம்பர் கெடு அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

உன் பதிலை எதிர்பார்த்து,
தம்பி எழிலன்


செஞ்சி
21-7-2025

என் தம்பி எழிலனுக்கு அக்காவின் அன்பு. நாங்கள் மூவரும் இருக்கிறோம். நைனாவின் முட்டி இப்போது அவரைவிட அதிகமாகப் பேசுகிறது.

பேனர் கடையில் ஆடி மாச வேலை தலைக்குமேல். நீ முகம் வரைய நான் எழுத்து வைத்த காலம் போய்விட்டது. முதலாளி பார்த்திபன் அண்ணன் கம்ப்யூட்டரே செய்துகொடுக்கும் முகத்தைப் போட்டு பேனர் அடிக்கிறார். எல்லாத் தலைவருக்கும் ஒரே மூக்கு. நேற்று ஒரு கட்சிக்காரர் தன் படத்தைப் பார்த்து இது யார் என்று கேட்டார்.

எடுத்தவுடனே வண்டியையும் ரத்தத்தையும் போட்டுத் தொலைக்காதே. முதல் கட்டத்தில் ராஜகிரி மலையைப் போடு, அதன் அடியில் நம் வீட்டைப் போடு, வாசலில் அம்மாவை நிறுத்து. நீயும் ஒருத்தி பெற்ற பிள்ளை என்பது அந்தம்மாவுக்கு முதலில் தெரியட்டும்.

இன்னொன்று. ஜனவரி 17, வெள்ளிக்கிழமை விபத்து நடந்தது என்று நீ சொன்னதிலிருந்து அம்மா வெள்ளிதோறும் பச்சைத்தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. "எம்புள்ள வாசப்படி மிதிக்கிற வரைக்கும்" என்கிறாள். போன வெள்ளி வல்லத்துக் கழனியில் மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போன இடத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். நான் திட்டினால் கேட்கிற ஆளா அவள்?

உடம்பைப் பார்த்துக்கொள். பென்சிலைத் தின்னாதே.
அக்கா சுவாதி


சிறை, மூன்றாம் தொகுதி
10-8-2025

அக்காவுக்கு வணக்கம். நான் சுகம், அங்கும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவை வெள்ளிக்கிழமை சாப்பிடச் சொல். அந்தக் கிழமைக்கும் நடந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

படக்கதை முடிந்துவிட்டது. இதோடு ஒரு நகல் வைத்திருக்கிறேன், பார். நீ சொன்னபடி முதல் கட்டத்தில் ராஜகிரி. ஒன்றன்மேல் ஒன்றாகப் பாறைகளை அடுக்கும்போது கண் கலங்கிவிட்டது, அதனால் உச்சியில் கோட்டைச் சுவர் கொஞ்சம் கோணல். அடுத்தது பெட்டியோடு நான் விமானம் ஏறுவது. மூன்றாவதில் நானும் ஜமாலும் சாப்பிடுகிறோம். அவன் பெரிய ரொட்டியைப் பிய்த்துக் கொடுக்கிறான், நான் அம்மா போட்ட எலுமிச்சை ஊறுகாயைக் கொடுக்கிறேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது. ஊறுகாய் காரத்துக்கு அவன் குதித்ததை அப்படியே வரைந்திருக்கிறேன்.

நாலாவதில் நான் வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன், அவன் பின்னால் கல் அடுக்குகிறான். ஐந்தாவதில் அவன் தரையில் கிடக்கிறான். வண்டியைப் பின்னால் எடுத்தால் பீப் பீப் என்று கத்தும் அக்கா. அன்றைக்கும் கத்தியது. அவன் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்பது ஏழு மாதமாக எனக்கு விளங்கவில்லை.

ஆறாவதைத்தான் மனசு வைத்துச் செய்தேன். நூறு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் செய்த கையல்லவா. ஜமாலின் முகத்தைப் பெரிதாக வைத்து, ரோஜா மாலை போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு ஏற்றியிருக்கிறேன். ஏழில் அந்தம்மாவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுகிறேன். எட்டாவது கட்டம் காலி, அவர் கைநாட்டுக்கு.

நாளை ரஞ்சனி மேடத்திடம் கொடுக்கிறேன். அம்மா, நைனாவுக்கு என் அன்பு.
எழிலன்


செஞ்சி
26-8-2025

எழிலா, எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கக்கூட நேரமில்லை, முதலில் இதைப் படி. அந்தத் தாள் அனுப்பப்படாமல் இருந்தால் உடனே நிறுத்து.

உன் படத்தைப் பார்த்து நான் அழுதேன். பக்கத்துத் தையல் கடை மெஹ்ருன் அக்கா ஏன் அழுகிறாய் என்று வந்து பார்த்தார். ஆறாவது கட்டத்தில் விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை. "இன்னா சுவாதி இது? அல்லாகிட்ட போன புள்ளைக்கு மால போட்டு வெளக்கேத்தி வச்சிருக்கான் உன் தம்பி. நாங்க இப்படியெல்லாம் பண்ண மாட்டோம். கால்ல வேற வுழறான். நாங்க ஆண்டவனுக்கு மட்டுந்தான் நெத்திய தரையில வைப்போம். அந்தம்மாவ ஆண்டவன் எடத்துல நிக்க வைக்கிறான் இவன்" என்றார்.

பத்து வருஷமாகப் பக்கத்துக் கடை, அவர்கள் வீட்டுச் சாவுக்கு நாம் போய் வந்திருக்கிறோம். அவர்கள் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் ஒன்றுகூட இல்லை என்பது நம் மண்டையில் உறைக்கவில்லை. செஞ்சியில் எந்தச் சாவு என்றாலும் நாம் ஒரே போஸ்டரைத்தான் அடிப்போம் என்று நினைத்துவிட்டோம்.

வேறு எப்படி வரைவது என்று அவரையே கேட்டேன். அந்தப் பையனின் முகம் வேண்டாம், அவன் தொப்பியையும் செருப்பையும் வரை என்றார். நீ விழ வேண்டாம், இரண்டு கையையும் ஏந்தி உட்கார் என்றார்.

நிறுத்திவிட்டாய் என்று ஒரு வரி எழுது.
அக்கா


சிறை, மூன்றாம் தொகுதி
20-9-2025

அன்புள்ள அக்கா, சுகமாக இருக்கிறேன், நீங்களும் இருங்கள். உன் கடிதம் வருவதற்குள் தாள் போய்விட்டது. நேற்று திரும்பியும் வந்துவிட்டது.

ஆறாவதையும் ஏழாவதையும் அந்தம்மா கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருக்கிறார். கிழிக்கவில்லை அக்கா, கோடு பிசகாமல் வெட்டியிருக்கிறார். தாளைத் தூக்கிப் பிடித்தால் இரண்டு சன்னல் திறந்த மாதிரி இருக்கிறது.

இங்கிருக்கும் பாகிஸ்தான்காரர் சங்கத்து ஆள் ஒருவர்தான் கொண்டுபோய்க் கொடுத்தவர். அந்தம்மா முதல் கட்டத்தையே வெகுநேரம் பார்த்தாராம். "இது எங்கள் மலையாயிற்றே, இவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாராம். மூன்றாவதைப் பார்த்துச் சிரித்தாராம். ஜமாலுக்குக் காரம் ஆகாதாம்.

பிறகு அடுப்புக்கரியை எடுத்து நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே, ஓரத்தில், ஒரு சின்னக் கட்டம் போட்டிருக்கிறார். உள்ளே ஒன்றும் இல்லை. "இங்கே ஒன்று இருந்தது. அதைக் காட்டட்டும், பிறகு பேசலாம்" என்றாராம்.

படக்கதையே பார்த்தறியாதவர் என்கிறார்கள். என்ன செய்வதென்று தெரியவில்லை.

எழிலன்


செஞ்சி
4-10-2025

தம்பிக்கு, இங்கே மழை, காய்ச்சல், கரண்ட் இல்லை, மற்றபடி நலம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை உன் கடிதம் சொல்லவில்லை.

என்னடா இருந்தது நடுவில்? அவன் திடீரென்று குறுக்கே வந்தான் என்றுதான் எங்களிடம் சொன்னாய். போலீஸிலும் அதையே சொன்னாய். அதை வரைய வேண்டியதுதானே? எதற்குத் தெரியவில்லை என்கிறாய்?

நைனாவிடம் மட்டும் சொன்னேன். பீடியை அணைத்துவிட்டு, "வாயால சொன்னா காத்தோட போயிடும். கையால வரஞ்சி குடுத்தா அதான் சாட்சி. ஒண்ணும் வேணாம்னு எழுது" என்றார். அவர் பார்த்த கோர்ட்டு அப்படி. நானும் அதையே சொல்கிறேன். புழுதியைப் போடு. கல் கிடங்கு என்றால் புழுதி இருக்காதா? கட்டம் முழுக்கப் புழுதியைப் போட்டு அனுப்பு. அவர் அங்கே வந்து பார்க்கவா போகிறார். இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது.

பொய் சொல்லச் சொல்லுகிறாளே என்று நினைக்காதே. அம்மா இரண்டு ரவிக்கையை உள்ளே பிடித்துத் தைத்துக்கொண்டாள். அவ்வளவு இளைத்திருக்கிறாள்.

உனக்கு ஏதாவது மறைக்க இருந்தால் அந்தம்மாவிடம் மறை, என்னிடம் மறைக்காதே.
சுவாதி


சிறை, மூன்றாம் தொகுதி
30-10-2025

அக்காவுக்கு அன்பு. நலம். நைனாவிடம் கோபப்படவில்லை என்று சொல்.

புழுதி ஆறு முறை வரைந்தேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தம்மா கத்தரிக்கோலை எடுக்கிற மாதிரியே இருந்தது. ஆறையும் கிழித்துவிட்டேன்.

ஏழாவது முறை உள்ளதை வரைந்துவிட்டேன். வலது கை ஸ்டியரிங்கில், இடது கையில் போன். என் கண் போனில் இருக்கிறது. வண்டி பின்னால் போகிறது. அவ்வளவுதான். அவன் குறுக்கே வரவில்லை அக்கா, அவன் இடத்தில்தான் நின்றான்.

ரஞ்சனி மேடம் மூன்று முறை கேட்டார். "ஜமாலோட சித்தப்பா மன்னிக்கக் கூடாதுன்னு நிக்கறவர், இது அவர் கையில கெடச்சா கோர்ட்ல குடுத்துடுவார். மூணு வருஷம் அஞ்சாகும். நல்லா யோசிச்சீங்களா?" என்றார். யோசித்தால் அனுப்ப மாட்டேன் என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். தொப்பி, செருப்பு, ஏந்திய கை எல்லாம் மெஹ்ருன் அக்கா சொன்னபடியே போட்டேன். அவருக்கு என் சலாம்.

பேசியது யாரிடம் என்று கேட்காதே. தொழிலாளர் கேம்ப்பில் கூடத் தங்கியிருந்த ஒருவன் கூப்பிட்டான், வெட்டிப் பேச்சு. போன் திரையை வெள்ளையாகவே விட்டுவிட்டேன். அதில் வரைய ஒன்றும் இல்லை.

எழிலன்


செஞ்சி
18-11-2025

எழிலா,

நலம் விசாரிக்க மனசில்லை. விசாரணைக்கான நோட்டீஸ் நகலை ரஞ்சனி மேடம் வீட்டுக்கு அனுப்பினார். அதில் விபத்து நடந்த நாள் ஜனவரி 16, வியாழன், காலை 9.50 என்று இருக்கிறது. நீ எங்களிடம் சொன்னது 17.

உன் ஊர் ஒன்பது ஐம்பது என்றால் இங்கே பதினொன்று இருபது. ஜனவரி 16 காணும் பொங்கல். நான் போனை எடுத்துப் உனக்குப் போட்ட பழைய வீடியோ அழைப்புகளைத் தள்ளிப் பார்த்தேன். 11.09க்கு ஒன்று, நீ எடுக்கவில்லை. 11.12க்கு ஒன்று, எடுக்கவில்லை. 11.16க்கு எடுத்தாய். நாலு நிமிஷம்.

ஊரே கோட்டைக்கு ஏறியிருந்தது. நான் ராஜகிரி உச்சியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். "வேலையில இருக்கறேங்கா, அப்புறம் பேசறேன்" என்றாய். நான் விட்டேனா? "ரெண்டே நிமிஷம்டா, நம்ம வூடு தெரியுது பாரு, இன்னும் கொஞ்சம் கிட்ட பாரு" என்றேன். அதற்குள் படம் ஆடியது, நின்றுபோனது. மலைமேல் டவர் இல்லை என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்து கரும்பு தின்றேன். ஒருவன் செத்துக்கொண்டிருந்தபோது நான் கரும்பு தின்றேன்.

எனக்குத் தெரியக் கூடாதென்று ஒரு நாளைத் தள்ளி வைத்தாய். அம்மா பத்து மாதமாகத் தப்பான கிழமையில் பட்டினி கிடக்கிறாள். உன்மேல் வருகிற கோபத்துக்கு எதிரில் இருந்தால் அறைந்திருப்பேன். அறைந்துவிட்டு அழுதிருப்பேன்.

வெள்ளையாக விட்ட திரையை நான் நிரப்பிவிட்டேன். எனக்கு எழுத்து வைக்கத்தான் தெரியும், படம் வராது. ஆனாலும் ஒரு தாளில் மலையை வரைந்து, உச்சியில் போனோடு என்னை வரைந்தேன். மலை இட்லிப் பானை மாதிரி இருக்கிறது, நான் துடைப்பம் மாதிரி இருக்கிறேன். உன் முதல் கட்டத்தில் இருக்கும் மலையும் இதுவும் ஒன்று என்று தெரிய, அடியில் நம் வீட்டையும் வாசலில் அம்மாவையும் போட்டேன். இன்று காலை கூரியரில் ரஞ்சனி மேடத்துக்கு அனுப்பிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய்.

சுவாதி


சிறை, மூன்றாம் தொகுதி
29-11-2025

அக்கா, நலமா? ஏன் இப்படிச் செய்தாய்? என்னோடு போகட்டும் என்றுதானே விட்டேன். இப்போது அந்தம்மா சபிப்பதானால் இரண்டு பேரைச் சபிக்க வேண்டும்.

ஊருக்குப் போகிற ஆள் கையில் உன் படம் போய்விட்டது. என் படத்துக்கே ஒரு மாதமாகப் பதில் இல்லை. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. நீ சாப்பிடு. நீயும் கிழமை பார்த்துப் பட்டினி கிடக்க ஆரம்பிக்காதே.

எழிலன்


சிறை, மூன்றாம் தொகுதி
14-12-2025

என் அக்காவுக்கு, அம்மாவுக்கு, நைனாவுக்கு எழிலனின் வணக்கம். உயிரோடு இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன்.

பத்தாம் தேதி சாயங்காலம் ரஞ்சனி மேடம் வந்தார். மன்னிப்புத் தாளைக் காட்டினார். கைநாட்டு இருந்தது. மறுநாள் ஜட்ஜ் அதை வாங்கிக்கொண்டார். காகித வேலையெல்லாம் முடிய ஒரு மாதம் ஆகுமாம். அப்புறம் விமானம்தான்.

உன் படமும் திரும்பி வந்திருக்கிறது, அக்கா, அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

நீ வரைந்த இட்லிப் பானை மலைக்குப் பக்கத்தில், அடுப்புக்கரியால் அவர் இன்னொரு மலையை வரைந்திருக்கிறார். உன்னைவிட மோசமாக வரைகிறார். அதன் அடியில் ஒரு வீடு, ஒரு ரொட்டி அடுப்பு. அடுப்பின் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து காதில் போன் வைத்திருக்கிறாள். அந்தப் போனிலிருந்து ஒரு கோடு புறப்பட்டுத் தாள் முழுக்க வளைந்து போய், முதுகைக் காட்டி நிற்கிற ஒரு பையனின் காதில் முடிகிறது.

அவன் காதில் ஒயர் மாட்டியிருந்தான் அக்கா. அவனும் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தான். அதனால்தான் பீப் சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை.

அந்தச் சங்கத்து ஆளிடம் அவர் சொல்லி அனுப்பியதை ரஞ்சனி மேடம் எழுதிக்கொண்டு வந்தார். "வேலை இருக்கிறது என்று அன்றைக்கு அவன் இரண்டு முறை சொன்னான். நான்தான் விடவில்லை. பேசிக்கொண்டே இருந்தவன் பேச்சை நிறுத்தினான், நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பையனின் படத்தில் அது இருக்குமோ என்று பார்த்தேன், இல்லை. அதனால்தான் காலிக் கட்டம் போட்டேன். அவனை மாட்டிவிடப் போட்டதல்ல அது. அவன் அக்காவிடம் சொல்லுங்கள், அவளுடைய படம் வந்த அன்றைக்குத்தான் என்னால் வரைய முடிந்தது."

என்னை அவர் பார்த்ததே இல்லை. என் பாஷையும் அவருக்குத் தெரியாது. நான் ஒளித்து வைத்ததும் அவர் ஒளித்து வைத்ததும் ஒரே கட்டத்தில் இருந்திருக்கிறது.

அம்மாவிடம் நான் வந்து சொல்லட்டுமா, நீ சொல்கிறாயா?

எழிலன்


செஞ்சி
26-12-2025, வெள்ளிக்கிழமை

தங்கத் தம்பிக்கு, நாங்கள் எல்லோரும் நலம், இந்த முறை நிஜமாகவே. நைனா உன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் முட்டி வலி தெரியாமல் நடந்தார்.

அம்மாவிடம் நான்தான் சொன்னேன். காணும் பொங்கல், நாலு நிமிஷம், வியாழக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். நீ அனுப்பிய இரண்டு நகலையும் கேட்டு வாங்கினாள். உன் மலையைப் பார்த்தாள், என் மலையைப் பார்த்தாள். அந்தம்மாவின் மலைக்கு வந்ததும் அடுப்பின் முன்னால் இருக்கிறவளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். நகலில் இருக்கிற கரி விரலில் ஒட்டாது என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

இன்று காலை நான் சோறு வடித்து, "இன்னும் இன்னாத்துக்கும்மா வெள்ளிக்கெழம? அவன்தான் வரப்போறான். சாப்புடு" என்று தட்டை வைத்தேன்.

தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு கேட்டாள், "அந்தம்மா சாப்புடுதாடி?"

அவர் வாசப்படியை மிதிக்க யாரும் வரப்போவதில்லை. அம்மா சொன்னாள், "எழிலன படம் போட்டுக் கேக்கச் சொல்லு. அவ ஒரு வாய் சாப்ட்டான்னு வரட்டும். அப்புறமா நான் சாப்புடறேன்."

ஆகவே நீ கிளம்பும் முன் இன்னும் ஒரு கட்டம் வரைய வேண்டும். இரண்டு மலை, இரண்டு தட்டு, இரண்டு அம்மா. ஒன்றில் சோறு, ஒன்றில் ரொட்டி, நடுவில் எலுமிச்சை ஊறுகாய். எழுத்து எதுவும் வேண்டாம், அவருக்குப் புரியும்.

சீக்கிரம் அனுப்பு. அம்மா தன் தட்டை இன்னொரு தட்டால் மூடி வைத்திருக்கிறாள்.

அக்கா சுவாதி